கழற்றிய ஹாட் டிஸ்க்கை எக்ஸ்டேர்னலாகப் பாவிக்கலாமா?

வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவின் பழைய டெஸ்க்டொப்பைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க முதல் அதற்குள் இருந்த 500 ஜிபி ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தாராம். தன்னுடைய பழுதான லப்டொப்பில் இருந்து எடுத்த 1 டிபி டிஸ்க் ஒன்றும் இருக்கிறதாம். நண்பர் ஒருவரின் யூஎஸ்பி வயரில் இரண்டையும் கொழுவிப் பார்த்திருக்கிறார். அப்பாவினது அசையவே இல்லை. லப்டொப் டிஸ்க் சுற்றியது, ஆனால் போர்மட் பண்ணச் சொன்னது. "அப்பாவின் டிஸ்க் செத்துவிட்டதா? மற்றதைப் போர்மட் பண்ணிக் கேசிங் போட்டால் எக்ஸ்டேர்னலாகப் பாவிக்கலாமா?" என்பது கேள்வி.

கேசிங் பற்றிய கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் படங்கள் தப்புமா, இனிமேல் இவற்றை நம்பி ஏதாவது வைக்கலாமா என்பதுதான் உண்மையில் கேட்கப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கேசிங் போடுவது, அதாவது டிஸ்க்கை யூஎஸ்பியில் கொழுவும் பெட்டிக்குள் வைப்பது, பத்து நிமிட வேலை. மற்ற இரண்டுக்கும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கொழும்பில் கணினி திருத்தும் வேலையில் எனக்கு இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. என்னிடம் வரும் ஹாட் டிஸ்க்குகளில் தானாகச் செத்தவை ஒரு பக்கம் இருக்க, உரிமையாளர் அவசரப்பட்டுக் கெடுத்தவையும் நிறைய.

முதலில் அந்தப் போர்மட் பெட்டி. அதில் "கேன்சல்" கொடுத்துவிட்டு வயரைக் கழற்றி வையுங்கள். "இனிஷியலைஸ்" என்று இன்னொரு பெட்டி வந்தாலும் அப்படியே. விண்டோஸ் அப்படிக் கேட்பதற்கு ஒரே அர்த்தம், "இதை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்பதுதான். உள்ளே ஒன்றும் இல்லை என்று அது சொல்லவில்லை.

அப்பாவின் டிஸ்க் அசையாததற்குப் பெரும்பாலும் காரணம் மின்சாரம். லப்டொப்பில் வருவது 2.5 அங்குல டிஸ்க், உள்ளங்கைக்குள் அடங்கும். 5 வோல்டில் ஓடும், அதை யூஎஸ்பி வயரே கொடுத்துவிடும். டெஸ்க்டொப்பில் வருவது 3.5 அங்குலம், ஒரு சின்னச் செங்கல் மாதிரிப் பாரமாக இருக்கும். அதன் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி வயரில் 12 வோல்ட் வராது. சிக்கல் என்னவென்றால் வயரைக் கொழுவும் பிளக் (சாட்டா என்பார்கள்) இரண்டிலும் ஒன்றேதான். 2.5 அங்குலத்துக்குச் செய்த வயர் 3.5 அங்குலத்திலும் கச்சிதமாகப் போய் உட்காரும், ஆனால் டிஸ்க் ஓடாது. டிஸ்க்கைத் திருப்பி ஸ்டிக்கரைப் பாருங்கள். 5 வோல்டுக்கு இத்தனை அம்பியர், 12 வோல்டுக்கு இத்தனை அம்பியர் என்று இரண்டு வரி இருந்தால், சுவரில் கொழுவும் 12 வோல்ட் அடப்டரோடு வரும் கேசிங் அல்லது டொக் (டிஸ்க்கை மேலிருந்து செருகும் தாங்கி) தான் அதற்குச் சரி. அதில் கொழுவியும் அசையாவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள். நான் டிஸ்க்கின் படத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஆகவே உயிரோடு இருக்கிறது என்று சத்தியம் பண்ண மாட்டேன். 3.5 அங்குல டிஸ்க்கை லப்டொப் வயரில் கொழுவிவிட்டுச் செத்துப்போச்சு என்று கொண்டுவருபவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அந்த 12 வோல்ட் அடப்டர் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. கேசிங்கோடு வந்த அடப்டரில் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள். லப்டொப் சார்ஜர் பலவற்றின் முனை பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஓட்டைக்குள்ளும் போகும், ஆனால் வருவது 19 வோல்ட். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு அண்ணா இப்படி மாற்றிக் கொழுவிய டிஸ்க்கைக் கொண்டுவந்தார். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை சர்க்கிட் போர்ட்டில் நகத்தின் கால்வாசி அளவில் ஒரு கறுப்புத் துண்டு வெடித்து, சுற்றிலும் மண்ணிறமாகக் கருகியிருந்தது. கூடுதல் வோல்ட் வந்தால் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே வைக்கப்பட்ட பாகம் அது. அதை எடுத்துவிட்டதும் டிஸ்க் சுற்றியது, அவருடைய நல்ல காலம். எல்லாருக்கும் அப்படி அமையாது. அதே மொடல் டிஸ்க்கில் இருந்து போர்ட்டைக் கழற்றி மாற்றினால் சரி என்று சிலர் சொல்வதை நம்பி இறங்கவேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்ட்டில் உள்ள சின்னச் சிப்புக்குள் இருக்கின்றன. அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் பெரும்பாலும் வேலை செய்யாது.

வாங்குவதற்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். புறக்கோட்டையிலும் கிடைக்கும், ஆனால் திருப்பிக் கொடுக்கலாமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே கொழுவிக் காட்டச் சொல்லுங்கள். லப்டொப் டிஸ்க்குக்கு யூஎஸ்பி 3 கேசிங் வாங்குங்கள். யூஎஸ்பி 2 கேசிங் விலை குறைவுதான், ஆனால் 1 டிபியை அதில் கொப்பி பண்ண ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் போகும். தவிர, யூஎஸ்பி 2 கொடுப்பது 500 மில்லி அம்பியர், யூஎஸ்பி 3 கொடுப்பது 900. சுற்றத் தொடங்கும் நொடியில் டிஸ்க் கேட்பது இதைவிடக் கூட இருக்கலாம். டிக் என்று ஒரு சத்தம், ஒரு இழுப்பு, மறுபடி டிக் என்று கேட்டால் டிஸ்க் பழுது என்று முடிவுகட்ட முதல், கட்டையான வேறு வயரில், கணினியின் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் கொழுவிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டுகளை நான் நம்புவதில்லை.

3.5 அங்குலத்துக்குக் கேசிங்கா டொக்கா என்றால், படங்களை ஒருமுறை எடுத்தால் போதும் என்பவருக்கு டொக் வசதி. டிஸ்க்கை பாண் டோஸ்டரில் வைப்பது போல மேலிருந்து செருகலாம். எப்போதும் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் படுக்கை வாட்டில் வைக்கும் கேசிங்கை எடுங்கள். என்னுடைய சொந்த டொக் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது, கதிரையை இழுத்த நேரம் வயர் காலில் மாட்டி மேசையிலேயே சாய்ந்தது. கீழே விழக்கூட இல்லை, ஒரு சாண் உயரச் சாய்வுதான். உள்ளே கிர்ர் என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு முடிந்தது. சுற்றுகின்ற தட்டுக்கும் அதை வாசிக்கும் முனைக்கும் நடுவில் இருப்பது தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத இடைவெளி. திருத்துகிறவன் வீட்டிலேயே இந்தக் கதை. (டிஸ்க் மிகப் பழையதாகி, சீப்பு மாதிரி இரண்டு வரிசை ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஈ. அதற்குக் கேசிங் வாங்கிச் செலவழிக்காதீர்கள். யாரிடமாவது ஐடிஈ வயரை இரவல் வாங்கி உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். 500 ஜிபி என்றபடியால் உங்களுடையது பெரும்பாலும் சாட்டா.)

இனி லப்டொப் டிஸ்க். போர்மட் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் சில. அந்த நண்பரின் வயர் மின்சாரத்தைச் சரியாகக் கொடுக்காமல் இருக்கலாம். ஆகவே வேறு வயர், வேறு கணினி என்று பார்ப்பதுதான் முதல் வேலை. டிஸ்க் முன்பு லினக்ஸிலோ மேக்கிலோ இருந்திருந்தால் விண்டோஸுக்கு அது புரியாது, அதே வகைக் கணினியில் கொழுவினால் திறக்கும். முன்பு வேறொரு கேசிங்கில் போர்மட் பண்ணியிருந்தாலும் இப்படி வரலாம். சில கேசிங்குகள் டிஸ்க்கின் செக்டர் (தரவு எழுதப்படும் சின்னத் துண்டு) அளவைத் தங்கள் கணக்கில் மாற்றிக் காட்டும், கேசிங் மாறினால் கணக்கு உதைக்கும். இவை எல்லாவற்றிலும் தரவு பத்திரமாகவே இருக்கிறது. கடைசிக் காரணம்தான் கவலைக்குரியது: டிஸ்க்கின் மேற்பரப்பே கெட்டு, ஃபைல்களின் அட்டவணையை வாசிக்க முடியாமல் போயிருக்கலாம். உங்களுடையது எது என்று தூர இருந்து என்னால் சொல்ல முடியாது. விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் ஓரளவு தெரியும். அளவு 931 ஜிபி என்று சரியாகக் காட்டி, பகுதிகளும் தெரிந்தால் நம்பிக்கை இருக்கிறது. (1 டிபி ஏன் 931 என்று பயப்படவேண்டாம், டிஸ்க் செய்பவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் எண்ணுகிறது.) அளவே தெரியவில்லை, அல்லது திறக்க ஐந்து நிமிடம் இழுக்கிறது என்றால் அதோடு நிறுத்துங்கள்.

பூட்டுப் படத்தோடு டிரைவ் தெரிந்தால் அது பிட்லொக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. நான் எதையும் பூட்டவில்லையே என்று எல்லாரும் சொல்வார்கள். பல லப்டொப்புகள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்ததும் தாங்களாகவே பூட்டிவிடும். 48 இலக்கத் திறவுகோல் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், உள்நுழைந்து தேடுங்கள். அது இல்லாவிட்டால் நானும் திறக்க மாட்டேன், வேறு யாரும் திறக்க மாட்டார்கள். திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

டிஸ்க் திறந்ததும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். செக் டிஸ்க் (பிழை தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டுவோம், வைரஸ் பார்ப்போம், குப்பையை அழிப்போம் என்று. வேண்டாம். முதல் வேலை கொப்பி. அதிலும் முக்கியமானதை முதலில் எடுங்கள்: அப்பாவின் படங்கள், காணி உறுதி ஸ்கேன், கலியாண வீட்டு வீடியோ என்று. யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் அவருடைய பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அனுமதி இல்லை என்று சொன்னால் "கன்டினியூ" கொடுத்துக் காத்திருங்கள், சில நேரம் நிறைய நேரம் எடுக்கும். பழைய விண்டோஸையும் புரோகிராம் ஃபைல்களையும் இழுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அவை இன்னொரு கணினியில் ஓடாது. நடுவில் கொப்பி சிக்கிக்கொண்டாலோ, டக்... டக்... டக் என்று ஒரே தாளத்தில் உலோகம் தட்டுவது போலக் கேட்டாலோ உடனே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் செக் டிஸ்க் ஓட்டுவது கால் முறிந்தவரை எழுப்பி ஓடவிடுவது மாதிரி. வாசிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் டிடிரெஸ்கியூ என்ற லினக்ஸ் மென்பொருள் இருக்கிறது, நான் பாவிப்பது அதைத்தான். தட்டும் சத்தம் வந்த டிஸ்க்கை நானும் தொடுவதில்லை. தூசி இல்லாத அறையில் திறந்து முனையை மாற்றுகிற வேலை அது, என் கடையில் அந்த வசதி கிடையாது.

எல்லாம் எடுத்தாயிற்று, இன்னொரு இடத்தில் திறந்தும் பார்த்தாயிற்று. இப்போதுதான் பாவிக்கலாமா என்ற கேள்வி. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். மேலே நீலத்தில் "குட்" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கீழே 05, சி5, சி6 என்று மூன்று வரிகளைத் தேடி, கடைசி நிரலைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், சி5 வாசிக்கத் தடுமாறி முடிவு தெரியாமல் நிற்பவை, சி6 திருத்த முடியாதவை. மூன்றும் பூச்சியமாக இருக்கவேண்டும். அந்த எண்கள் பதினாறின் அடியில் காட்டப்படும், ஆகவே 10 என்று இருந்தால் அது 16. சி7 இல் எண் இருந்தால் வயரில்தான் குற்றம் இருந்திருக்கும், அதற்காக டிஸ்க்கை எறியவேண்டாம். சில மலிவான கேசிங்குகள் இந்தக் குறிப்பை வெளியே விடாது. அப்போது டெஸ்க்டொப்புக்குள் நேரடியாகக் கொழுவித்தான் பார்க்கவேண்டும்.

குறிப்பு சுத்தமாக இருந்தால் டிஸ்க் நல்லது என்று சொல்லலாமா? இங்கேதான் நானும் கையை விரிப்பேன். கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிலையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு அடையாளங்களில் ஒன்றைக்கூட முன்கூட்டிக் காட்டவில்லை. என் மேசையிலும் அதையேதான் பார்க்கிறேன். கெட்ட எண் இருந்தால் நம்பாதே என்று உறுதியாகச் சொல்லலாம். நல்ல எண் இருந்தால் நம்பு என்று சொல்ல எவராலும் முடியாது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். "குயிக்" என்ற இடத்தில் உள்ள சரியை எடுத்துவிட்டு, முழுப் போர்மட் ஒன்று போடுங்கள். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் எல்லாம் இதில் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையிலும் பூச்சியம் எழுதும். 1 டிபிக்கு யூஎஸ்பி 3 இலும் குறைந்தது மூன்று மணித்தியாலம். முடிந்த பிறகு அந்த மூன்று வரிகளைத் திரும்பவும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் டிஸ்க் போட்டிக்கு வெளியே. தொடங்க முதல் எந்த டிஸ்க்கைத் தெரிவு செய்திருக்கிறீர்கள் என்று அளவை வைத்து இரண்டு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், இதில் கை தவறியவர்களுக்கு ஆறுதல் சொல்லிச் சலித்துவிட்டேன்.

எந்த வகைப் போர்மட் என்றால், வீட்டில் எல்லாம் விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுதவேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் என்டிஎஃப்எஸ்ஸை மேக் வாசிக்கும், தானாக எழுதாது. ஃபேட் 32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு வீடியோவும் அதில் ஏறாது. நம் ஊரில் என்டிஎஃப்எஸ்ஸை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் கரண்ட். 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன மாதங்களில் என்னிடம் வந்த டிஸ்க்குகளில் ஒரு விசித்திரம் இருந்தது. கரண்ட் போனால் லப்டொப் பேட்டரியில் தொடர்ந்து ஓடும், சுவரில் கொழுவிய 3.5 அங்குல டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், எல்லாம் ஓடுகிறது என்று நினைப்பார். என்டிஎஃப்எஸ் தான் செய்யப்போவதைக் குறித்து வைத்துக்கொண்டு செய்வதால் பெரும்பாலும் மீண்டுவரும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பு கிடையாது. இப்போது கரண்ட் ஒழுங்காக இருந்தாலும், பெரிய கொப்பிக்கு யூபிஎஸ் இருந்தால் அதில் கொழுவுங்கள், இடி முழங்கும் மாலையில் தொடங்கவேண்டாம்.

இவ்வளவும் தாண்டி வந்த டிஸ்க்கை நான் எதற்குப் பாவிப்பேன் என்றால், இன்னொரு இடத்தில் ஏற்கெனவே இருப்பதன் இரண்டாவது கொப்பிக்கு. படம் பார்க்க, பாட்டுக்கு, டீவியில் கொழுவ. ஒரேயொரு கொப்பி மட்டும் உள்ள எதற்கும் பாவிக்க மாட்டேன், டிஸ்க் நேற்று வாங்கியதாக இருந்தாலும். வெள்ளவத்தை போலக் கடற்கரையோரம் என்றால் டிஸ்க்கை வெறுமனே லாச்சிக்குள் போடாமல், சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடற்காற்றில் சர்க்கிட் போர்ட்டின் உலோக முனைகள் கறுத்துப்போன டிஸ்க்குகளைக் கண்டிருக்கிறேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கொழுவித் திறந்து பாருங்கள்.

உங்கள் இரண்டில், லப்டொப் டிஸ்க்கை மேலே சொன்ன சோதனைக்கு விடலாம். அப்பாவினதை நான் போர்மட் பண்ணவே மாட்டேன். 500 ஜிபி இடம் இன்று பெரிய விடயம் இல்லை, அதற்காக மூலத்தை அழிப்பானேன். எடுத்ததை எடுத்துவிட்டு, திகதியும் பெயரும் எழுதி ஒட்டி அப்படியே வையுங்கள். எப்போதாவது யாருக்காவது கொடுப்பதானால் மட்டும் முழுப் போர்மட் போட்டுக் கொடுங்கள், குயிக் போர்மட்டில் எதுவும் உண்மையாக அழிவதில்லை. 12 வோல்ட் அடப்டர் உள்ள டொக்கில் அப்பாவின் டிஸ்க்கைக் கொழுவியதும் என்ன சத்தம் வந்தது என்று எழுதுங்கள். முடிந்தால் அந்த 05, சி5, சி6 வரிகளையும் படமெடுத்துப் போடுங்கள், சீரியல் இலக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு.